வட சாம்பலியாவுக்குப் போன தக்காளி விதை

நான் எம்.ஏ.வில் பொது நிர்வாகம் படித்தவள். அதைப் படித்து என்ன பயன் என்று என் மாமியாரிலிருந்து பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் வரை கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒருவர்தான் அந்தப் படிப்பைப் பயன்படுத்திக்கொண்டார். அவர்மேல் இருந்த கோபம் தணிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அவர் எங்கள் கம்பெனி முதலாளி. கோரமங்கலாவில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் பதினெட்டுப் பேர் வேலை செய்த சாஃப்ட்வேர் கம்பெனி அது. கீழே பல் பிடுங்கும் சத்தம் கேட்டால் நாங்கள் எல்லோரும் ஒரு நொடி டைப் அடிப்பதை நிறுத்துவோம். மற்ற கம்பெனிகளெல்லாம் ஒய்-டு-கே என்று அமெரிக்காவுக்காக இரண்டாயிரமாவது வருஷத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் முதலாளி உர வியாபாரிகளுக்கும் விதைக் கம்பெனிகளுக்கும் ஒரு பேக்கேஜ் செய்து விற்றுக்கொண்டிருந்தார். எந்த ஊரில் எந்த டீலர் இருக்கிறார், அவருக்கு என்ன சரக்குப் போக வேண்டும், எந்த லாரியில் போயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமை எத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை.

ஆரணியிலிருந்து கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவள் நான். கணவருக்கு பீன்யாவில் ஃபேக்டரி வேலை. வீடு ஈஜிபுராவில். எனக்கு ஆபீஸுக்குப் பத்து நிமிஷ நடை. அவருக்கு இரண்டு பஸ். இதை அவர் தினமும் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளருக்கு பேக்கேஜை ஓட்டிக் காட்டுவதற்கு டெமோ என்று பெயர். டெமோவுக்குச் சில ஊர்ப் பெயர்கள் வேண்டும். முதலில் நிஜ ஊர்களைத்தான் போட்டு வைத்திருந்தோம். ஒரு தடவை யாரோ அவசரத்தில், இரண்டு மாநிலமும் ரொம்ப நாளாகச் சண்டை போடும் கர்நாடகத்து பெல்காமை மகாராஷ்டிரத்துக்குக் கீழே போட்டுவிட்டார்கள். டெமோ பார்க்க வந்தவர் பெல்காம்காரர். ஃபைலை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த தடவை ஓசூர் கர்நாடகத்தில் இருந்தது, வந்தவர் தர்மபுரிக்காரர். அவர் எழுந்து போகவில்லை, சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒன்றும் வாங்காமல் போனார்.

மறுநாள் காலை முதலாளி என் மேஜைக்கு வந்தார். தாவணகெரேக்காரர், ஆனால் பெங்களூரில் பல வருஷம் இருந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"மேடம், நீங்க பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்தானே படிச்சீங்க?"

"ஆமா சார்."

"அப்போ ஒரு நாடு பண்ணிக் குடுங்க. இல்லாத நாடு. மாநிலம், மாவட்டம், தாலுக்கா எல்லாம் இருக்கணும். யாரும் எழுந்து போகக்கூடாது. மத்தியானத்துக்குள்ள குடுத்துடுங்க."

மத்தியானத்துக்குள் கொடுத்தேன். இரண்டு மாநிலம், மாநிலத்துக்கு மூன்று மாவட்டம், மாவட்டத்துக்கு இரண்டு தாலுக்கா. சாம்பிள் நாடு என்பதால் அதற்கு சாம்பலியா என்று அவரே பெயர் வைத்தார். தமிழில் சாம்பல் என்று வருகிறதே சார் என்றேன். கன்னடத்தில் வரவில்லையே என்றார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மூன்று வாரம் ஆயிற்று.

ஆந்திராக்காரர் வந்தால் மண்டலம் கேட்பார் என்றார் முதலாளி. அதனால் ஒரு மாநிலத்தில் தாலுக்காக்களை எடுத்துவிட்டு மண்டலம் போட்டேன். இன்னொருவருக்கு மாவட்டத்துக்குக் கீழே நேராகக் கிராமம்தான் இருக்கும் என்றார் புரோகிராமர். அவருக்காக மூன்றாவதாக ஒரு மாநிலம். யூனியன் பிரதேசம் ஒன்று வேண்டும் என்றார்கள். தீவு ஒன்றை வைத்தேன். மாவட்டத்துக்கும் தாலுக்காவுக்கும் ஒரே பெயர் இருந்தால் புரோகிராம் குழம்புகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதையும் வைத்தேன். மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தால் பழைய டீலர்கள் எங்கே போவார்கள் என்று முதலாளி கேட்டார். அது அவருடைய சொந்த வலி. அவர் ஊர் சித்ரதுர்கா மாவட்டத்தில் இருந்தது, தொண்ணூற்றேழில் தனி மாவட்டமாகிவிட்டது. அவருடைய அம்மாவின் பத்திரத்தில் ஒரு மாவட்டம், ரேஷன் கார்டில் ஒரு மாவட்டம். அந்தக் கோபத்தையெல்லாம் சாம்பலியாவின்மேல் காட்டினார். நான் வைத்திருந்த நல்ல மாவட்டம் ஒன்றை நாலு தடவை பிரித்து, இரண்டு தடவை சேர்த்ததில், கடைசியில் அதன் தலைநகரம் எங்கே என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

பெயர் வைப்பதுதான் பெரிய தொல்லை. நான் மேட்டூர், கீழூர் மாதிரி வைத்தால் "எல்லாம் தமிழ் ஊர் மாதிரி இருக்கே" என்றார் அக்கவுன்ட்ஸில் இருந்த அம்மா.

"கன்னடத்துலயும் ஊரு இருக்கே மேடம்" என்றேன்.

"எங்களுது ஊரு. நீங்க வச்சிருக்கிறது ஊர்" என்றார்.

எந்த மொழியிலும் எந்த அர்த்தமும் வராத பெயராக உட்கார்ந்து கோத்தேன். அடோலா, பிமிசா, தெரோனி, கொலுமா. கொலுமா என்பது துளுவில் ஏதோ வசவு மாதிரி இருக்கிறது என்று மங்களூர்ப் பக்கத்து புரோகிராமர் சொன்னார். பிறகு, வசவு இல்லை, ஆனால் கேட்க நன்றாக இல்லை என்றார். மாற்றினேன்.

வெள்ளைப் பலகையில் படம் வரைந்து காட்டச் சொன்னார்கள். படம் என்றால் ஒரு ஆறாவது இருக்க வேண்டாமா என்று வடக்கிலிருந்து தெற்காக ஒன்றை நீல மார்க்கரால் இழுத்தேன். முதலாளி டஸ்டரை எடுத்து வந்தார்.

"நதி வேண்டாம் மேடம்."

"சும்மா அழகுக்கு சார்."

"எந்த மாநிலத்துல பொறந்து எந்த மாநிலத்துக்குப் போகுதுன்னு கேப்பாங்க. அணை எங்கேன்னு கேப்பாங்க. வேண்டாம்."

தொண்ணூற்றொன்றில், காவிரிக் கலவரத்தின்போது, அவர் இந்த ஊரில் இருந்தவர். அவரே துடைத்தார். கொஞ்சம் நீலம் பலகையில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே கதை. நாங்கள் இருந்த வீட்டுக்கு வீட்டுக்காரர் ஈஜிபுரா என்று ரசீது எழுதுவார். காஸ் கம்பெனி கோரமங்கலா என்று எழுதியது. கடிதமெல்லாம் விவேக்நகர் போஸ்ட் என்று எழுதினால்தான் வரும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்லப் போனால், உங்கள் தெரு எங்கள் வார்டு இல்லை, அடுத்த ஆபீஸுக்குப் போங்கள் என்பார்கள். அடுத்த ஆபீஸில் தெருவின் இடது பக்கம் மட்டும்தான் எங்களுடையது என்பார்கள். நாங்கள் வலது பக்கம். இரண்டு குடத்தை வைத்துக்கொண்டு கோட்டுக்கு நடுவில் நின்ற நாள்களில், சாம்பலியாவில் இந்த மாதிரி இருக்கக்கூடாது என்று நான் நிஜமாகவே நினைத்தேன். ஒவ்வொரு தெருவும் ஒரே ஒரு தாலுக்காவில் இருக்கும்படி கவனமாகப் போட்டேன். சிரிப்பாக இருக்கிறது இப்போது.

இரண்டாயிரத்தின் நடுவில் ஒரு விதைக் கம்பெனி எங்கள் பேக்கேஜை வாங்கியது. கர்நாடகம், ஆந்திரா, தமிழ்நாடு மூன்றிலும் டீலர்கள் உள்ள கம்பெனி. அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன்னால் நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியே 'சாம்பலியாவை முழுவதுமாக நீக்கவும்' என்பதுதான். அடிக்கோடு போட்டு எழுதினேன்.

"இருக்கட்டும் மேடம்" என்றார் முதலாளி. "அவங்க ஆளுங்களுக்கு டிரெயினிங் குடுக்கணும். நிஜ டீலரை வச்சு விளையாட முடியுமா? அப்புறமா எடுத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப சார்?"

"டிரெயினிங் முடிஞ்சதும்."

டிரெயினிங் முடிந்தது. இன்னொரு வேலை வந்தது. இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். மூன்றாவது தடவை நினைவுபடுத்தப் போனபோது, "நீங்களே பெத்த நாட்டை ஏன் மேடம் இப்படி அழிக்கணும்கறீங்க" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். விட்டுவிட்டேன். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன்.

பொங்கல் முடிந்த வாரம். பகல் பதினொரு மணி இருக்கும். படியேறி ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காட்டன் புடவை, தோளில் ரெக்ஸின் பை, கையில் மடித்த காகிதம். பல் டாக்டரைத் தேடி வந்தவர் என்று நினைத்துக் கீழே போகச் சொன்னேன்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு கண்ணு. கம்ப்யூட்டர்காரங்க நீங்கதானே?"

"ஆமா அக்கா."

"அப்ப உங்ககிட்டதான் வந்திருக்கேன். ஸ்வல்ப தண்ணி குடு."

தண்ணீர் குடித்துவிட்டு, காகிதத்தைப் பிரித்து என் மேஜைமேல் வைத்தார். லாரிக் கம்பெனியின் ரசீது நகல். அனுப்பியவர் விதைக் கம்பெனி. பெறுபவர் விலாசத்தில் ஒரு கடையின் பெயர், அதன் கீழே 'பஸ் ஸ்டாண்டு எதிரில்'. அதற்குக் கீழே அடோலா தாலுக்கா, அடோலா மாவட்டம், வட சாம்பலியா.

காகிதத்தைக் கையில் எடுத்து மறுபடி படித்தேன்.

"கோலார் பக்கம் மாலூர்ல எனக்கு விதைக் கடை" என்றார் அவர். "வீட்டுக்காரர் போனப்புறம் பதினோரு வருஷமா நான்தான் பாக்கறேன். தக்காளி நாத்து விடற நேரம் இது. டிசம்பர் மாசமே ஆர்டர் குடுத்தேன். வரல. போன் பண்ணினா அனுப்பியாச்சுங்கறான். நேரா அவங்க ஆபீஸுக்கே போனேன். அங்க இருக்கிறவன் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, நீங்க இருக்கறது வேற மாவட்டம்மா, அங்கதான் போயிருக்குங்கறான். நான் மாலூர்லேர்ந்துதான்டா வரேன், ரயில் டிக்கெட்டு இந்தா இருக்குன்னு காட்டறேன். இல்லமா, கம்ப்யூட்டர்ல இப்படித்தான் இருக்கு, மாத்தறதுன்னா அதைப் பண்ணினவங்கதான் மாத்தணும்ங்கறான். அவன்தான் இந்த விலாசம் குடுத்தான். நீயே சொல்லு கண்ணு. இந்த ஊரு எங்க இருக்கு?"

நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். புரிய அரைமணி நேரம் ஆயிற்று. விதைக் கம்பெனியில் பழைய நோட்டிலிருந்து டீலர்களை ஏற்றியவர்கள், மாவட்டம் எழுதாத இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். காலியாக இருந்தால் எங்கள் புரோகிராம் பட்டியலில் முதலில் இருக்கும் மாவட்டத்தைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். முதலில் இருந்தது நான் முதலில் செய்த அடோலா. பின்கோடும் மாவட்டத்தோடு கூடவே வரும். ஊர்ப் பெயர் விலாசத்தில் மூன்றாவது வரி. லேபிள் சின்னது, மாவட்டத்துக்கு மேலே விலாசத்துக்கு இரண்டு வரிக்குத்தான் இடம். ஆக மாலூர் என்கிற சொல் அந்தப் பெட்டியின்மேல் எங்கேயும் இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் என்பது மட்டும் இருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் விதைக் கடை இல்லாத ஊர் ஏது?

முதலாளியிடம் ஓடினேன். அவர் போனில் இருந்தார். கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அந்தம்மா நம்ம கஸ்டமரா?"

"நம்ம கஸ்டமரோட கஸ்டமர் சார்."

"அப்போ அவங்க நம்ம கஸ்டமர்கிட்ட எழுதிக் குடுக்கட்டும். அவங்க நமக்கு எழுதட்டும். நாம ஃபார்ம் போட்டு எடுத்துக்கலாம். ஒரு வாரத்துல சரி பண்ணிடலாம் மேடம்."

"ஒரு வாரத்துல நாத்து விட்டு முடிச்சிடுவாங்க சார்."

"நாம விவசாயம் பண்ணலையே மேடம்" என்று மறுபடி போனுக்குத் திரும்பினார்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. மேஜைக்கு வந்து கைப்பையை எடுத்தேன். அரை நாள் லீவு என்று அக்கவுன்ட்ஸ் அம்மாவிடம் சொல்லிவிட்டு, "வாங்கக்கா, லாரி ஆபீஸுக்கே போயிடலாம்" என்றேன். ரசீதில் விலாசம் இருந்தது. காலாசிபாளையம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார் அவர். பஸ் ஆடுகோடியைத் தாண்டியது. பிறகு ரசீதை மறுபடி பிரித்தார்.

"அடோலா. யாரு கண்ணு இப்படி ஒரு பேரை வச்சது?"

"அது கம்ப்யூட்டர்ல வர்றது அக்கா" என்றேன்.

"கம்ப்யூட்டரே பேரு வைக்குமா?"

தலையாட்டினேன். பொய் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

லாரிக் கம்பெனியின் கோடவுன் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருந்தது. உள்ளே மூட்டையும் பெட்டியும் கூரைவரை. நடுவில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்த ஒரு பெரியவர். கோடவுன் சூப்பர்வைசர் அவர்தான். ரசீதைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யா அல்லா! வந்தீங்களா? ஒன்றரை மாசமா ஒரு ஆளாச்சும் வருவாங்களான்னு பாத்துட்டிருக்கேன். எங்கம்மா இருக்கு இந்த இடம்?"

எங்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். சுவரில் தமிழ்நாடு, ஆந்திரா என்று பெயின்ட்டில் எழுதி, அந்தந்தப் பக்கத்துச் சரக்கு அடுக்கியிருந்தது. கடைசி மூலையில், பெயின்ட்டில் இல்லை, சாக்பீஸில், வட சாம்பலியா என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஐம்பது அறுபது அட்டைப் பெட்டிகள். தரையில் கோடு வேறு போட்டிருந்தார்.

"நவம்பர்ல மூணு புது மாநிலம் வந்துச்சில்ல, பேப்பர்ல போட்டாங்களே" என்றார். "அதுல ஒண்ணுன்னு நெனச்சேன். நாளைக்கு ரூட் போடுவாங்க, இடம் பண்ணி வச்சா நல்லதுன்னு ஒதுக்கினேன். எங்க டிரைவர் ஒருத்தன் சத்தீஸ்கர் பக்கம் ராய்ப்பூர் போறவன். அவன்கிட்ட ஒரு பெட்டி குடுத்து, அங்க விசாரிச்சு இறக்கிட்டு வாடான்னேன். அவன் ரெண்டு நாள் அலைஞ்சுட்டுத் திரும்பிக் கொண்டு வந்தான். அங்கயும் யாருக்கும் தெரியலையாம். விதைக் கம்பெனிக்கு போன் போட்டா, அட்ரஸ் கரெக்டா இருக்குங்கறான். நான் பைத்தியமா, அவன் பைத்தியமா? நீங்களாச்சும் சொல்லுங்க. எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல பாய்" என்றேன். "அது நான் பண்ணினது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. டெமோ, பெல்காம், மூன்று மாநிலம், தீவு, அடோலா என்று பெயர் கோத்தது, நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது, இரண்டு தடவை ஞாபகப்படுத்தியது, மூன்றாவது தடவை விட்டது. எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ படிச்ச பொண்ணுதானே?"

"ஆமாக்கா."

"ம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். தன்னுடைய மூன்று பெட்டிகளைக் கண்டுபிடித்துத் தனியே வைத்தார். எழுந்து புறப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் அடுத்த பெட்டியை எடுத்தார்.

"இது சிந்தாமணி. இந்தக் கடைக்காரர் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் டீலர் மீட்டிங்ல பாப்போம். எழுது கண்ணு. பெரிசா எழுது."

பாய் ஒரு மார்க்கரைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா சொல்லச் சொல்ல நான் பெட்டிமேல் எழுதினேன். சிந்தாமணி, கோலார் மாவட்டம். பாகலூர், தர்மபுரி மாவட்டம். பலமனேர், சித்தூர் மாவட்டம். கடைப் பெயரைப் பார்த்ததுமே ஊரைச் சொன்னார். சில கடைகளுக்கு அந்த ஊரில் எந்த மூலை, பக்கத்தில் என்ன கடை என்பதுகூடத் தெரிந்திருந்தது. தெரியாதவற்றுக்கு, "அந்த சீனிவாசபுரத்துக்காரருக்குத் தெரியும், அவருக்கு போன் போடு" என்றார். பாயின் மேஜையில் இருந்த போனில் நானே கூப்பிட்டேன். போனில் வந்தவர்களெல்லாம் முதலில் என்னைத் திட்டினார்கள், அப்புறம் ஊரைச் சொன்னார்கள். தூசியில் தும்மித் தும்மி எனக்குக் கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று. நாலு மணிக்கு பாய் மூன்று பேருக்கும் டீயும் பன்னும் வரவழைத்தார். மூலையில் அப்போது ஏழெட்டுப் பெட்டிகள்தான் பாக்கி.

"இந்த விதை கெட்டுப் போயிடுமாக்கா?" என்று கேட்டேன். அவ்வளவு நேரமும் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"விதை ஒண்ணும் ஆகாது. டப்பாவுல இருக்கில்ல. ஆனா எங்கிட்ட வாங்கறவங்க பாதிப் பேரு எதிர்க்கடையில வாங்கி நாத்து விட்டுட்டாங்க. ஒருத்தர்கிட்ட ஒரு தடவை வாங்கிட்டா அடுத்த வருஷமும் அங்கதான் போவாங்க. பேச்சு வார்த்தையெல்லாம் அங்க ஆரம்பிச்சிடும்." பன்னைப் பிட்டு டீயில் தோய்த்துக்கொண்டே சொன்னார், குரலை உயர்த்தாமல். "பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட நாத்து விடற நேரத்துல எங்கடையில விதை இல்லைன்னு ஆனதில்ல."

மன்னிச்சுடுங்கக்கா என்றேன். அவர் கேட்காத மாதிரி டீயைக் குடித்தார். மூன்று பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி ரயில்வே ஸ்டேஷன்வரை கூடப் போனேன். மாலூர் போகும் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தன் கடை நம்பரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். "மிச்சம் இருக்கற கடைக்காரங்க யாருன்னு தெரியலைன்னா எனக்கு போன் போடு" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் நம்பரைக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள், வேறு எந்த வேலையையும் தொடாமல், விதைக் கம்பெனி ஆபீஸிலேயே போய் உட்கார்ந்து சாம்பலியாவில் இருந்த டீலர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்தேன். கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது என்று அக்காவிடம் சொன்ன ஆள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் பழைய நோட்டைப் புரட்டிக் கொடுத்தார். "நான் அப்பவே சந்தேகப்பட்டேன் மேடம்" என்று மூன்று நாளில் முப்பது தடவை சொன்னார். சந்தேகப்பட்டவர் ஏன் ஒரு போன் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோட்டை மூடி வைத்திருப்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரே ஒருவர் மிஞ்சினார். கடைப் பெயரும் ஆள் பெயரும் இருந்தன. ஊர் இல்லை, போன் இல்லை. நோட்டில் அந்தப் பக்கமே கிழிந்திருந்தது. அவர் இருக்கும்வரை மாவட்டத்தை நீக்க முடியாது. இதில் டீலர் இருக்கிறார் என்று திரையில் வந்து வந்து நின்றது. மாவட்டம் போகாமல் மாநிலம் போகாது, மாநிலம் போகாமல் நாடு போகாது. மாலூருக்கு போன் செய்தேன்.

"அவரா?" என்றார் அக்கா. "முல்பாகல் பக்கம் கடை வச்சிருந்தார். அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சே கண்ணு. கடையை மூடிட்டாங்க."

அந்தப் பெயரை என் தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு அவரை எடுத்தேன். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தாலுக்கா, மண்டலம், மாவட்டம், மாநிலம், அந்தத் தீவு, எல்லாம் போயின. ஆபீஸுக்குத் திரும்பி வந்து எங்கள் கம்ப்யூட்டரிலும் அதையே செய்தேன். யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி கத்தின சத்தத்தில் கீழே பல் டாக்டரே மேலே எட்டிப் பார்த்தார்.

"பதினொரு மணிக்கு டெமோ இருக்கு மேடம்! ஒரு நாட்டையே அழிச்சிருக்கீங்க! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை!"

"மூணு தடவை கேட்டேன் சார்."

"இப்ப நான் என்னத்தைக் காட்டறது?"

என் கையில் மூன்று தாள் இருந்தன. சாம்பலியாவில் மாட்டிக்கொண்ட எல்லாக் கடைகளின் பெயர், ஊர், பெட்டி எத்தனை நாள் கோடவுனில் கிடந்தது என்ற விவரம். கையால் எழுதியது. அதை அவர் மேஜைமேல் வைத்தேன். கோபத்தோடுதான் கையில் எடுத்தார். முதல் தாளை வேகமாகப் பார்த்தார். இரண்டாவதை மெதுவாகப் பார்த்தார். மூன்றாவதில் ஒரு இடத்தில் விரல் நின்றது. ஹரிஹர், தாவணகெரே மாவட்டம். அவருடைய ஊருக்குப் பக்கம்.

"இந்தக் கடை எனக்குத் தெரியும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எங்கப்பா இங்கதான் விதை வாங்குவார்."

தாள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மேஜை டிராயரில் வைத்தார். போனை எடுத்து, டெமோவுக்கு வரவேண்டியவரை அடுத்த வாரம் வரச் சொன்னார். பிறகு புரோகிராமரைக் கூப்பிட்டு, மாவட்டம் காலியாக இருந்தால் ஏற்காமல் நிற்கும்படி மாற்றச் சொன்னார். ஒரு மணி நேர வேலை அது. ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம்.

என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் போய் ஒரு வாரம் லீவு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஆரணிக்குப் போய் அம்மா வீட்டில் பகலெல்லாம் படுத்துத் தூங்கினேன். என்னடி உடம்புக்கு என்று அம்மா கேட்டதற்கு, வேலை ஜாஸ்தி என்று மட்டும் சொன்னேன். என்ன வேலை என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிய வைக்கவே இன்னொரு வாரம் ஆகியிருக்கும்.